டப்பிங்கும் பகடிக் குரலேற்றமும்

'டப்பிங் படம்' என்பதற்கு வேலூர்ப் பக்கத்தில் யாரும் பொருள் கேட்பதில்லை. வேற்று மொழியில் எடுத்துத் தமிழில் பேசவிட்ட படம் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அச்சொல்லின் வேர் இரட்டித்தலைக் குறிக்கும் ஆங்கில 'டபுள்' ஆகும். பேசும்படம் தோன்றிய 1920-களின் இறுதியில், பதிந்த ஒலியை மீண்டும் பதிவதைக் குறிக்க அது 'டப்' என்று குறுகியது. வீரனுக்குப் பட்டம் சூட்டுவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லும் இதே வடிவில் இருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1943-இல் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரன் கதையைத் தமிழில் பேசவைத்து வெளியிட்ட பின்னர், இம்முறை நம்மிடம் நிலைபெற்றது.

இங்கே விளக்க வேண்டியது அதன் ஒரு கிளையான 'பகடிக் குரலேற்றம்'. மூலப்படத்தின் பேச்சை மொழிபெயர்க்காமல், அதை முழுவதும் நீக்கிவிட்டு, காட்சிக்குச் சற்றும் தொடர்பில்லாத வேடிக்கைப் பேச்சை ஏற்றுவது அது. ஜப்பானிய உளவுப்படம் ஒன்றின் பேச்சை நீக்கிப் புதிய கதை புகுத்திய 'வாட்ஸ் அப், டைகர் லில்லி?' 1966-இல் வந்தது. ஹாங்காங் சண்டைப்படம் ஒன்றை எடுத்து, அதன் வீரர்களைத் தொழிலாளர் விடுதலை பற்றி வாதாடவைத்தார் பிரான்சின் ரெனே வியெனே, அது 1973. பழைய குங்ஃபூ படம் ஒன்றில் இவ்வாறே புதுப்பேச்சை ஏற்றிய 'கங் பவ்' 2002-இல் வந்தது.

குறைந்த செலவில் எடுத்த குங்ஃபூ படங்கள் இதற்கு மிகுதியாக அகப்படுவதற்குத் தொழில்சார்ந்த காரணம் உண்டு. ஹாங்காங்கில் நெடுங்காலம் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவதில்லை. மாண்டரின், காண்டனீஸ், ஆங்கிலம் ஆகிய எல்லாக் குரல்களும் பின்னரே சேர்க்கப்பட்டன. ஆகவே அப்படங்களில் வாயும் குரலும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக இருந்தன. ப, ம போன்ற எழுத்துகளுக்கு உதடுகள் மூடவேண்டும் என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் சொல் தேடித் திண்டாடுவார். வேடிக்கைக்காகப் பேசுபவருக்கோ பொருளைக் காக்கும் கட்டாயம் இல்லாததால், உதட்டுக்கு இசைந்த எந்தச் சொல்லையும் வைக்கலாம். இரண்டு துறவிகள் பழிதீர்க்கக் கைகளை உயர்த்தி நிற்கும் காட்சியில், "இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிலோ இன்னா வெல?" என்று ஒருவரும், "மொதல்ல பைய எடு" என்று மற்றவரும் வேலூர்ப் பேச்சில் கேட்டுக்கொண்டால், அந்தக் கடுமையான முகங்களே சிரிப்பை இரட்டிக்கும்.

இந்தக் கலையின் சாரம் வட ஆர்க்காட்டுக்குப் புதிதன்று. செய்யாற்றை அடுத்த புரிசை முதலிய ஊர்களில் வாழும் தெருக்கூத்தில், கிரீடமும் புஜக்கட்டையும் தாங்கிய அரசன் விறைப்பாகப் பாடி முடித்தவுடன், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அதையே ஊர்ப்பேச்சில் திருப்பிச் சொல்லித் திரித்துவிடுவான். அரசனின் தோற்றம் மாறாமலே இருக்க, அவன் சொல்லின் பொருள் மட்டும் கவிழ்ந்துவிடும். நகை தோன்றும் நான்கு நிலைக்களங்களைக் கூறும் தொல்காப்பியம் எள்ளலையே முதலில் வைக்கிறது.

ஆகையால் இதற்குத் தமிழ்ப்பெயராக 'மொழிமாற்றம்' பொருந்தாது. மாறுவது மொழியன்று, பொருள். தமிழ்ப்படம் ஒன்றையே மீண்டும் தமிழில் பேசி வேடிக்கை செய்வதும் உண்டல்லவா? 'ஒலிச்சேர்க்கை' என்றால் இசையையும் ஓசைகளையும் கலக்கும் பணியோடு குழம்பும். 'பின்னணிக் குரல்' என்பது கதை சொல்பவரையும் பாடகரையும் நினைவூட்டும். பிறர் உடல்மீது குரலை ஏற்றுவது என்னும் செயலை நேராகக் காட்டுவதால், டப்பிங்குக்குப் பொதுச்சொல்லாகக் 'குரலேற்றம்' என்பதையே நான் விரும்புகிறேன். பரிகாசத்தைக் குறிக்கும் 'பகடி' அதன்முன் சேர்ந்தால் 'பகடிக் குரலேற்றம்' கிடைக்கிறது. 'நகைச்சுவை டப்பிங்' என்று எழுதினால், நகைச்சுவைப் படத்தை ஒழுங்காக மொழிபெயர்த்ததாகவும் பொருள்படும். 'பகடி' அந்த ஐயத்தை நீக்கிவிடுகிறது. இதைச் செய்பவர் 'பகடிக் குரலேற்றுநர்'. எழுதும்போது இடையில் வரும் ககர ஒற்றை விடக்கூடாது.