கன்சர்வேட்டிவ்: பழமைவாதியா, மரபுவாதியா?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் 'பழமைவாதப் பத்திரிகையாளர்' என்ற அடைமொழி அடிக்கடி வரும். மூலத்தில் இருக்கும் சொல் கன்சர்வேட்டிவ். பழமைவாதி என்றதுமே நம் காதில் ஒரு வசவு விழுகிறது. மூலச்சொல்லில் அது இல்லை.

லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல். முன்னொட்டோடு 'கோன்செர்வாரே' ஆகும்போது பேணிக்காத்தல். பழமை என்ற பொருள் இந்த வேரில் கிடையாது. நம் வனத்துறையில் கன்சர்வேட்டர் பதவியை 'வனப் பாதுகாவலர்' என்கிறோம். அதே வேர்தான், அங்கே பொருள் பிசகாமல் தமிழாகியிருக்கிறது.

அரசியலுக்குள் இந்தச் சொல் பரவியதில் ஒரு பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. புரட்சியும் நெப்போலியனும் ஓய்ந்த பிரான்சில், மன்னராட்சியையும் திருச்சபையையும் காக்க வேண்டும் என்று ஷத்தோபிரியான் 1818இல் ஓர் இதழ் தொடங்கினார். அதன் பெயர் 'லெ கோன்செர்வத்தர்'. எழுத்தாளரான அவர் பின்னாளில் வெளியுறவு அமைச்சரும் ஆனார். 1830களில் பிரிட்டனில் டோரிகள் என்ற அரசியல் அணியினர் இந்தச் சொல்லைத் தங்கள் கட்சிப் பெயராக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கொள்கையின் முகமாக விளங்கியவர் பத்திரிகையாளர் வில்லியம் பக்லி. முப்பது வயது நிரம்பும் முன்பே, 1955இல், 'நேஷனல் ரிவியூ' இதழைத் தொடங்கினார். வரலாற்றின் குறுக்கே நின்று 'நில்' என்று கத்துவதே தங்கள் வேலை என முதல் இதழிலேயே எழுதினார். 1965இல் நியூயார்க் மேயர் தேர்தலில் அந்த மாநிலத்தின் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளராக நின்றார். ஜெயித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வாக்குகளை மறுபடி எண்ணச் சொல்வேன் என்றார். சுமார் 13 சதவீத வாக்குகளோடு தோற்றார். அவருடைய அண்ணன் ஜேம்ஸ் பக்லி 1970இல் அதே கட்சியின் சார்பில் நின்று செனட்டுக்கே போய்விட்டார்.

சரி, வில்லியம் பக்லியைத் தமிழில் எப்படிச் சொல்வது? தென்மாநிலங்களில் வெள்ளையரின் மேலாதிக்கத்தை ஆதரித்து 1957இல் அவரது இதழ் தலையங்கம் எழுதியது. அந்த நிலைப்பாட்டைப் பழமைவாதம் என்று தாராளமாகச் சொல்லலாம், தவறே இல்லை. ஆனால் மதநம்பிக்கை, குடும்பம், சொத்துரிமை, குறைந்த வரி என்று அவர் வாதாடிய எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் அடைத்தால், வாதத்தைக் கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'வலதுசாரி' வேறு கணக்கு. 1789இல் பிரெஞ்சு அவையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது அது. இருப்பதைத் தலைகீழாக மாற்றத் துடிக்கும் வலதுசாரிகளும் உண்டு.

என் தேர்வு 'மரபுவாதி'. காத்தல் என்ற பொருள் அதில் நேராக இல்லைதான், ஆனாலும் வசவு இல்லை, வழக்கிலும் இருக்கிறது. பொருளை விரித்துச் சொல்ல இடமிருந்தால் 'மரபு பேணுவோர்' இன்னும் நெருங்கி வரும். கட்சிப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் கன்சர்வேட்டிவ் கட்சி என்றே எழுதலாம்.