அம்பாறையில் நம்பிக்கையை அளப்பது எப்படி?

இலங்கையின் கிழக்கிலுள்ள அம்பாறை மாவட்டத்தில் பொலிஸை நம்புவோர் இத்தனை வீதம் என்று ஒரேயொரு எண்ணைத் தரும் கருத்தாய்வை அப்படியே ஏற்காதீர்கள். 2012 குடிசன மதிப்பின்படி இங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. ஒரு சமூகத்தில் 80 வீதமானோரும் இன்னொன்றில் 20 வீதமானோரும் நம்பினால், சராசரி எந்தச் சமூகத்தின் மனதையும் காட்டாது.

சனத்தொகை விகிதப்படி எழுமாற்றாக 400 பேரைத் தெரிவு செய்தால் மாவட்டத்துக்கான வழு, அதாவது கிடைத்த வீதம் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ±5 புள்ளி. ஆனால் அதில் தமிழர் 69 பேர்தான் வருவர். அவர்களுக்கு வழு ±12. அதனால் ஒவ்வொரு சமூகத்திலும் 133 பேரை எடுப்பது நல்லது. மாவட்ட எண் தேவையென்றால் பிறகு நிறையிடலாம், அதாவது ஒவ்வொரு விடையையும் அச்சமூகத்தின் சனத்தொகைப் பங்குக்கு ஏற்ற எண்ணால் பெருக்கலாம்: முஸ்லிம் விடைக்கு 1.3, சிங்கள விடைக்கு 1.17, தமிழ் விடைக்கு 0.52.

கரையோரக் குடியிருப்பு இன்னொரு சிக்கலைத் தருகிறது. காரைதீவில் தமிழர், இரு பக்கமும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் முஸ்லிம்கள். ஒரே கிராம சேவகர் பிரிவில் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை அளக்கும் கெழு (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே விடை) 0.1 என்று வைத்தால், 40 பிரிவுகளில் 10 பேர் வீதம் கேட்ட 400 பேரின் பெறுமதி, தனித்தனியே எழுமாற்றாகத் தெரிவான 210 பேரின் பெறுமதியாகக் குறைகிறது. 80 பிரிவுகளில் ஐந்து பேர் வீதம் கேட்டால் 286. பயணச் செலவு கூடும்தான், ஆனாலும் அதுவே சரியான வழி.

கேட்பவர் யார் என்பதும் விடையை மாற்றும். கிராம சேவகர் கூட வந்து அறிமுகப்படுத்தினால் அரச அலுவலகங்களைப் பற்றிக் குறை சொல்லச் சனங்கள் தயங்குவார்கள். வேறு சமூகத்தவர் கேட்டால் மரியாதைக்காக ஒரு பதில் வரும். கேட்பவரின் சமூகத்தையும் மொழியையும் ஒவ்வொரு படிவத்திலும் பதிய வேண்டும்; பதியாவிட்டால் இந்தச் சாய்வைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

நேரே கேட்கக் கூசும் விடயங்களுக்குப் பட்டியல் முறை உண்டு. பாதிப் பேரிடம் தபாலகம், கூட்டுறவுச் சங்கம் போன்ற நான்கு நிறுவனங்களை வாசித்து, எத்தனையை நம்புகிறீர்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்பார்கள். மற்றப் பாதியிடம் ஐந்தாவதாகப் பொலிஸும் சேரும். சராசரிகள் 2.1, 2.5 என்று வந்தால் பொலிஸை நம்புவோர் 40 வீதம். யார் பொலிஸை நம்புகிறார் என்பது கேட்பவருக்கும் தெரியாது. ஐந்தையும் நம்புகிறேன் என்றோ ஒன்றையுமே இல்லை என்றோ சொன்னவரின் மனம் மட்டும் வெளிப்பட்டுவிடும். ஆகவே எல்லாரும் நம்பும் நான்கையோ எவரும் நம்பாத நான்கையோ பட்டியலில் வைக்கக் கூடாது.

இந்த மறைப்புக்கு விலை உண்டு. விடைகளின் நியம விலகல், அதாவது அவை சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 1 என்றால், 200 பேர் வீதமான இரு குழுக்களில் வழு ±20 புள்ளி. அதை ±10 ஆக்க ஒவ்வொரு குழுவிலும் 800 பேர் வேண்டும். மூன்று சமூகங்களுக்கும் தனித்தனியே என்றால் 4,800 பேர்.