வீட்டில் கோமா டிரெஸ்ஸிங்: எள்ளை வறுப்பதிலிருந்து பாட்டில் காலியாகும் வரை

ஜப்பானிய மொழியில் 'கோமா' என்றால் எள். நம் காதில் ஆஸ்பத்திரி வார்த்தையாக விழுந்தாலும் சமாச்சாரம் இவ்வளவுதான். நூல் நூலாகச் சீவிய முட்டைக்கோஸ், லெட்யூஸ், வெள்ளரி, குளிர்ந்த டோஃபு (சோயா பனீர்) என்று எதன் மேல் ஊற்றினாலும் எடுபடுகிற வெளிர்பழுப்பு நிற டிரெஸ்ஸிங் இது. ஜப்பானில் இது பாட்டிலாகவே கிடைப்பதால் வீட்டில் செய்பவர்கள் குறைவு. மற்ற ஊர்களில் அதே பாட்டிலின் விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் மிஞ்சுவது ஒரே புகார்: "இனிப்பு மயோனைஸ் மாதிரி இருக்கிறது, எள் வாசனையே இல்லை."

காரணம் எளிது. மயோனைஸில் சோயா சாஸும் சர்க்கரையும் கலந்து, மேலே முழு எள்ளைத் தூவிவிடுகிறார்கள். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதன் வாசனை முழுவதும் அந்த எண்ணெயோடு விதைக்குள் அடைபட்டிருக்கிறது. உடைக்காத எள் பல்லில் மாட்டும், இல்லையென்றால் முழுசாக வயிற்றுக்குள் போகும். சுவைக்கு அது சேராது. இந்த டிரெஸ்ஸிங்கைக் கெட்டியாக்கும் வேலை எள்ளுடையது, மயோனைஸ் கூடமாட உதவிக்கு வந்த ஆள். அளவுகளை இந்த முறையில் யோசித்தால் பாதிப் பிழை போய்விடும்.

ஜப்பானியக் கடைகளில் எள்ளை மூன்று நிலைகளில் விற்பார்கள். வறுத்த முழு எள் 'இரி கோமா', வறுத்துப் பொடித்தது 'சுரி கோமா', வெண்ணெய் போல் அரைத்த விழுது 'நேரி கோமா'. நமக்குப் பொடியும் வேண்டும், விழுதும் வேண்டும். வாசனையும் லேசான நறநறப்பும் பொடியிலிருந்து வருகின்றன. வழவழப்பைத் தருவது விழுது.

வறுப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தோல் நீக்கிய வெள்ளை எள் 40 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக வாங்கிய எள்ளில் மண் இருக்கலாம். அரித்துக் கழுவி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்தியபின் வறுக்கவும். ஈரத்தோடு போட்டால் வறுபடுவதற்கு முன் வெந்துவிடும். அடிகனமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, சிறு தீயில், கை எடுக்காமல் கிளறிக்கொண்டே இருக்க 5 முதல் 7 நிமிடம் ஆகும். முதலில் பச்சை வாடை வரும். பிறகு எதுவும் நடக்காதது போல் ஒரு இடைவெளி. பொறுமையிழந்து தீயைக் கூட்டுவது அப்போதுதான், கூட்டாதீர்கள். நாலைந்து எள் துள்ளத் தொடங்கியதும் இரண்டு மூன்றை எடுத்து கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மோதிரவிரலில் வலு குறைவு என்பதால் இது நல்ல சோதனை. வறுபடாத எள் வழுக்கும், வறுபட்டது மாவாக நொறுங்கும். நொறுங்கியவுடன் தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். கருகிய எள்ளின் கசப்பைச் சர்க்கரையாலோ வினிகராலோ சரிசெய்ய முடியாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே லாபம்.

வறுத்த எள்ளாகவே பாக்கெட்டில் வாங்கியிருந்தாலும் ஒரு நிமிடம் சூடுகாட்டிக்கொள்ளுங்கள், அடங்கிப்போன வாசனை எழும். சிக்கு வாடை அடித்தால் மட்டும் எந்த வறுவலும் உதவாது. கறுப்பு எள்ளிலும் செய்யலாம், சுவை இன்னும் அழுத்தமாக வரும். ஆனால் நிறம் மாறுவது தெரியாததால் வறுபட்ட பக்குவம் பிடிபடாது. சிமென்ட் கரைசல் போன்ற தோற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

அரைப்பது

ஜப்பானில் இதற்கென்றே 'சுரிபாச்சி' என்ற மண்கலம் இருக்கிறது. உட்புறம் முழுக்கச் சீப்பால் இழுத்தது போன்ற வரிகள், மெருகு பூசாத சொரசொரப்பு. 'சுரிகோகி' என்ற மரக்குழவியால் இடிக்காமல் வட்டமாகத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க எள் வரிகளுக்குள் புகுந்து எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். யாரிடமும் ஒட்டிக்கொண்டு முகஸ்துதி பாடுபவரை ஜப்பானியர் 'எள் அரைக்கிறான்' என்பார்கள். நாம் காக்கா பிடிப்பது என்கிறோமே, அதுதான்.

மிக்ஸியிலும் செய்யலாம். எள் முழுதும் ஆறியிருக்க வேண்டும். சிறிய ஜாரில் போட்டு இரண்டு விநாடி ஓட்டி நிறுத்துங்கள். ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி இரண்டு விநாடி. ஐந்தாறு முறை போதும். முக்கால்வாசி உடைந்து, ஆங்காங்கே முழு எள் தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்பது வேலையாளுக்கு அழகு. மிக்ஸி ஜாருக்கு ஆகாது. விடாமல் ஓட்டினால் பிளேடு சூட்டில் எண்ணெய் கக்கி அடியில் அப்பிக்கொள்ளும். அரைத்த எள்ளில் எண்ணெய் காற்றோடு நேரடியாகப் படுவதால் வாசனை சீக்கிரம் போய்விடும். அதனால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே அரையுங்கள்.

அளவுகள்

கீழே உள்ளது 180 மில்லிக்குச் சற்று ஏறக்குறைய வரும். மேசைக்கரண்டி என்பது 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

வறுத்து அரைத்த எள் 4 மேசைக்கரண்டி (36 கிராம்), எள் விழுது 1 மேசைக்கரண்டி, மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, ஜப்பானிய சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, அரிசி வினிகர் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, வறுத்த எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி, ஆறிய கொதிநீர் 1 முதல் 2 மேசைக்கரண்டி.

நேரி கோமா கிடைக்காவிட்டால் மேற்காசிய தஹினி சரிப்படும். அது பெரும்பாலும் பச்சை எள்ளிலோ லேசாக வறுத்த எள்ளிலோ அரைத்தது. ஆகவே எள்ளெண்ணெயை அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். வேர்க்கடலை வெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் பரிமாறும்போது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

எள்ளெண்ணெய் என்றவுடன் கை நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் போகும். செக்கு நல்லெண்ணெய் பச்சை எள்ளை ஆட்டி எடுப்பது. ஜப்பானிய 'கோமா அபுரா' பெரும்பாலும் எள்ளை நன்றாக வறுத்தபின் பிழிந்தது, நிறமும் மணமும் வேறு. நல்லெண்ணெய் ஊற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லை, மணம்தான் இட்லிப்பொடிப் பக்கம் போய்விடும். வறுத்த எண்ணெய் இல்லையென்றால் எண்ணெயையே விட்டுவிட்டு எள்ளை அரைக் கரண்டி கூட்டுவது மேல்.

சோயா சாஸிலும் கவனம் வேண்டும். சீனச் சமையலுக்கான 'டார்க்' வகை கேரமல் நிறமேற்றியது. அதை ஊற்றினால் டிரெஸ்ஸிங் சேற்று நிறமாகிவிடும். ஜப்பானிய சாஸிலும் 'உசுகுச்சி' நிறத்தில்தான் வெளிறியது, உப்பில் வழக்கமான 'கொய்குச்சி'யைவிடக் கூடுதல். நிறத்தைப் பார்த்து ஏமாந்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். அரிசி வினிகர் வாங்கும்போது 'சுஷி வினிகர்' என்று எழுதியிருந்தால் அதில் சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

சேர்க்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குவதுதான் அடுத்த பெரிய பிழை. முதலில் சோயா சாஸ், வினிகர், சர்க்கரை மூன்றையும் தனியாகக் கலந்து, அடியில் ஒரு பரல் கூட இல்லாமல் கரைத்துவிடுங்கள். மயோனைஸ் சேர்ந்தபின் சர்க்கரை லேசில் கரையாது, மறுநாள்தான் இனிப்பு தெரியும்.

வேறு கிண்ணத்தில் எள் விழுதைப் போட்டு அந்தக் கரைசலில் ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். விழுது இளகாது, திடீரென்று இறுகி, களிமண் போல் கரண்டியில் சுருண்டுகொள்ளும். பலர் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படும் இடம் இது. விழுது என்பது எண்ணெயில் மிதக்கும் நுண்துகள்கள். கொஞ்சமாகத் தண்ணீர் பட்டதும் அந்தத் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் ஒரு தேக்கரண்டி, மறுபடி ஒன்று என்று ஊற்றிக்கொண்டே போனால் நிறம் வெளுத்து, பளபளப்பு ஏறி, தானாக இளகிவிடும். பயத்தில் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

இளகியதும் மயோனைஸை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். அடுத்து அரைத்த எள். எள்ளெண்ணெய் கடைசியில், சொட்டுச் சொட்டாக. கெட்டித்தன்மையைப் பார்த்துக்கொண்டு நீர். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, மேற்பரப்பில் ஓரிரு விநாடி கோடு நின்று மறைந்தால் சரியான பதம். குளிர்பெட்டியில் எள்ளுப்பொடி நீரை இழுத்து மேலும் இறுகும் என்பதால் விரும்புவதைவிட ஒரு படி தளர்வாகவே எடுத்து வையுங்கள். அரை மணி நேரம் ஊறினால் சுவை கூடிவரும்.

எண்ணெய் பிரிந்து திரிதிரியாகிவிட்டால் சுத்தமான கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி புது மயோனைஸை எடுத்து, திரிந்த கலவையைச் சொட்டுச் சொட்டாக அதில் அடித்துச் சேருங்கள், பெரும்பாலும் கூடிவிடும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதற்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. செய்தபோது கெட்டியாக இருந்தது தட்டில் நீர்த்துப்போனால் குற்றம் காய்களுடையது. கழுவிய கீரையையும் லெட்யூஸையும் துணியில் ஒற்றி உலர்த்துங்கள். வெள்ளரியில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிடுங்கள்.

முட்டை விஷயம்

ஜப்பானிய மயோனைஸின் மறுபெயர் போலாகிவிட்ட கியூப்பி 1925இல் விற்பனைக்கு வந்தது. அதில் மஞ்சள் கரு மட்டுமே, அந்தக் கொழுமைக்குக் காரணம் அதுதான். அதைப் பார்த்து, வீட்டிலேயே பச்சை மஞ்சள் கருவை அடித்து மயோனைஸ் செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவது வழக்கம். முட்டையைக் கழுவித் தரம் பிரிப்பதும், பாக்கெட்டில் தேதி போடுவதும் அதை மனதில் வைத்தே நடக்கின்றன. எல்லா ஊர் முட்டைக்கும் அந்த ஏற்பாடு இல்லை. சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி ஓட்டின் மேல் மட்டுமல்ல, உள்ளேயும் இருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் வீட்டில் பச்சை முட்டை மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடுகாட்டிக் கிருமி நீக்கிய முட்டையில் தயாரான கடை மயோனைஸ் போதும்.

முட்டை சேர்க்காத மயோனைஸ் என்றால் அதில் ஸ்டார்ச்சும் கோந்தும் இருக்கும், பல நேரம் இனிப்பும் தூக்கலாக இருக்கும். சர்க்கரையைப் பாதியாக்குங்கள், தண்ணீரை ஒரு கரண்டி கூட்டுங்கள். மயோனைஸே வேண்டாம் என்பவர்கள் 100 கிராம் சில்க் டோஃபுவைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் வைத்து, வடித்து ஆறவிட்டு, 4 மேசைக்கரண்டி அரைத்த எள், தலா 1 மேசைக்கரண்டி சோயா சாஸ், வினிகர், 2 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி வறுத்த எள்ளெண்ணெய் சேர்த்து மிக்ஸியில் அடிக்கலாம். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பாட்டிலில் வந்த மயோனைஸ் மாதக்கணக்கில் கெடாதே, அதில் செய்த டிரெஸ்ஸிங் மட்டும் ஏன் கெட வேண்டும் என்று கேட்பார்கள். தொழிற்சாலை அந்தப் புளிப்பையும் உப்பையும் அளந்து வைத்தது மயோனைஸ் தனியாக இருப்பதற்காக. நீங்கள் அதில் எள்ளும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தவுடன் அந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில், 4 டிகிரிக்கு மேல் போகாத குளிரில், நாலைந்து நாள். பச்சைப் பூண்டு, இஞ்சி, வெங்காயம் துருவிச் சேர்த்திருந்தால் இரண்டு நாள். பாட்டிலைக் குளிர்பெட்டியின் கதவில் வைக்காதீர்கள், அங்கே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

யார் விலக வேண்டும்

எள் ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத் திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரை போகும். அமெரிக்கா 2021இல் இதற்கென்று சட்டம் கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. இந்த ஒரு கிண்ணத்தில் எள், முட்டை, சோயா, கோதுமை நான்கும் இருக்கின்றன. கோதுமை எங்கே வந்தது? சோயா சாஸ் வழியாக. வழக்கமான ஜப்பானிய சோயா சாஸ் சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகாதவர்கள் கோதுமை இல்லை என்று எழுதிய 'தமாரி' வகை சோயா சாஸ் வாங்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய் போட்டால் ஐந்தாவது ஆபத்தும் சேர்கிறது. சைவர்கள் கடைப் பாட்டில் வாங்கினால் லேபிளைப் படிக்கவும், பலவற்றில் மீன் சாறு இருக்கும்.

சாலட் என்பதால் லேசான உணவு என்று நினைத்துவிடவும் முடியாது. மேலே சொன்ன அளவில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 60 கலோரியும் 0.4 கிராம் உப்பும் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஒரு ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம். எள்ளில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்பதும் தோலோடு கூடிய எள்ளின் கணக்கு. அதில் பெரும்பகுதி ஆக்சலேட் என்ற கரையாத சேர்மமாகத் தோலில் இருப்பதால் உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. சுவைக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக வேண்டாம்.

உப்பைக் குறைக்க விரும்பினால் சோயா சாஸை 1 மேசைக்கரண்டியாக்கி, தண்ணீருக்குப் பதில் 'கொம்பு' (kombu) என்ற ஜப்பானியக் கடற்பாசி ஊறிய நீரை ஊற்றுங்கள். ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கிகுனாயே 1908இல் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்தது இந்தப் பாசியிலிருந்துதான். 5 கிராம் பாசி, 250 மில்லி தண்ணீர், குளிர்பெட்டியில் ஒரு இரவு. மிச்ச நீர் மறுநாள் சூப்புக்கு ஆகும்.