ரெசிடியூ என்கிற எச்சம்

பூச்சிமருந்து அடித்த பயிரில் அறுவடைக்குப் பிறகும் தங்கிவிடுவதை ஆங்கிலத்தில் 'ரெசிடியூ' என்கிறார்கள். லத்தீன் வேருக்குப் 'பின்னால் உட்கார்ந்துவிடுதல்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் எச்சம். அஞ்சு, அச்சம் போல எஞ்சு, எச்சம். எச்சில், பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் இதே குடும்பம்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். காக்கை எச்சம் நினைவுக்கு வந்து சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 'நச்சு எச்சம்' என்று எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நச்சா இல்லையா என்பதை அளவு பார்த்துத்தானே சொல்ல முடியும்?

அடித்த மருந்து மட்டுமே எச்சம் ஆகாது. அசிபேட் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தால் பயிருக்குள்ளேயே ஒரு பகுதி மெத்தமிடோபாஸாக மாறும். அது அசிபேட்டைவிடக் கடுமையானது. உணவில் எவ்வளவு எச்சம் என்று மதிப்பிடுகிறவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது 'அதிகபட்ச எச்ச வரம்பு'. உலக அளவில் இதை வகுப்பது உணவுத் தரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் ஆணையம். 1963 முதல் இயங்குகிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. ஒரு கிலோ உணவில் இத்தனை மில்லிகிராம் எச்சம் வரை இருந்தால் விற்கலாம் என்கிற சட்ட எல்லைதான் இந்த வரம்பு. மருந்தைச் சொன்னபடி அடித்தால் எவ்வளவு தங்கும் என்று வயலில் சோதித்து வைத்தது. நம் தட்டில் இருப்பதன் அளவல்ல. இந்த எண்ணைச் சோற்றின் எடையோடு பெருக்கிப் பயமுறுத்தும் செய்திகள் அங்கேதான் சறுக்குகின்றன. ஆயுள் முழுக்கச் சாப்பிடுவதைக் கணக்கிட வயல் சோதனைகளின் இடைநிலை அளவை எடுப்பார்கள். ஒரே நாளில் நிறையச் சாப்பிடுவதைக் கணக்கிட உச்ச அளவை.

கணக்கு எளிது. அரிசியில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் எச்சம், நாளுக்கு 300 கிராம் அரிசி, உடல் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 0.006 மில்லிகிராம், உடல் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.0001 மில்லிகிராம். மற்ற உணவுகளிலிருந்து வருவதையும் கூட்டி, ஆயுள் முழுக்கத் தினமும் உள்ளே போனாலும் கெடுதல் இல்லை என்று கருதப்படும் 'ஏற்கத்தக்க அன்றாட உட்கொள்ளல்' அளவோடு ஒப்பிடுவார்கள். கருவிக்கு எட்டாத அளவு என்று வரும் மாதிரிகள்தான் தலைவலி. பூஜ்யம் என்று போட்டால் குறைத்துக் காட்டும். கருவியின் எல்லையையே போட்டால் கூட்டிக் காட்டும். அதனால் பாதியைப் போடுவதும் உண்டு.

இதில் வரும் 'எக்ஸ்போஷரை' 'வெளிப்பாடு' என்று எழுதுகிறார்கள். சாப்பிட்டது உள்ளேதானே போகிறது? 'உணவுவழி உட்கொள்ளல்' என்றால் சரியாக இருக்கும்.