வோடுன் என்பது பில்லிசூனியம் அல்ல

'வூடு' என்ற சொல்லைக் கண்டால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'பில்லிசூனியம்' என்று எழுதிவிடுகிறார்கள். டப்பிங் படத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் ஜனவரியில் வரும் வோடுன் சமயத் திருநாளைக்கூட 'பில்லிசூனிய விழா' என்று எழுதுகிறார்கள். அரசே விடுமுறை விட்டு மக்கள் கொண்டாடும் நாள் அது. அதற்கு இப்படி ஒரு பெயரா?

மூலச்சொல் 'வோடுன்'. தெற்கு பெனினில் பேசும் ஃபோன் மொழிச் சொல். பொருள் தெய்வம். அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு ஹைத்திக்குப் போய் 'வோடூ' ஆனது, ஆங்கிலத்தின் வழியாக நமக்கு 'வூடு' என்று வந்தது.

பில்லிசூனியம் என்றால் தமிழில் என்ன? ஒருவரைக் கெடுக்க இன்னொருவர் மறைவாகச் செய்யும் வேலை. ஃபோன் மொழியில் அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது: 'அஸே'. செய்பவர் 'அஸேதோ'. மந்திரித்துக் கட்டும் பொருளுக்கு 'போ' என்று வேறொரு சொல். அந்த மக்களே இப்படிப் பிரித்துப் பேசும்போது, மூன்றையும் ஒரே மூட்டையில் கட்ட நமக்கு என்ன உரிமை?

வோடுன்களைப் பாருங்கள். ஹெவியோஸோ இடியின் தெய்வம். சக்பட்டா மண்ணின் தெய்வம்; பெரியம்மையைத் தருவதும் தணிப்பதும் அவரே. மாரியம்மன் வழிபாட்டை யாராவது சூனியம் என்று மொழிபெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா? லெக்பாவுக்கு வீட்டு வாசலில் மண்ணைக் குவித்து உருவம் செய்வார்கள், அதன்மேல் செம்பனை எண்ணெயை ஊற்றுவார்கள். வேறெந்தத் தெய்வத்தை அழைப்பதானாலும் முதல் படையல் அவருக்குத்தான். உய்தா நகரில் தாங்பே என்ற பாம்புத் தெய்வத்துக்குக் கோயில் உண்டு. எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம். கோயில் மலைப்பாம்பு ஊருக்குள் வந்து யார் வீட்டிலாவது நுழைந்தால், அடிக்க மாட்டார்கள். பத்திரமாகத் தூக்கிக் கொண்டுவந்து கோயிலில் விடுவார்கள். இதில் சூனியம் எங்கே இருக்கிறது?

பொம்மையில் ஊசி குத்துவது ஹாலிவுட் பரப்பிய படிமம். அதை வைத்து ஒரு சமயத்துக்கே பெயர் சூட்டுவது அநியாயம். 'ஆவி வழிபாடு' என்போரும் உண்டு. கொஞ்சம் தேவலை, ஆனாலும் சரியில்லை. தமிழில் ஆவி என்றால் செத்தவர் நினைவுதான் முதலில் வரும். இடிக்கும் மண்ணுக்கும் உரியவரை ஆவி என்பது பொருந்தாது.

எனவே தனியே வரும்போது வோடுன் என்பதற்குத் 'தெய்வம்' என்றே எழுதலாம். சமயத்தைக் குறிக்க 'வோடுன் சமயம்' அல்லது 'வோடுன் வழிபாடு' போதும். சமஸ்கிருதத்தில் புதிதாக எதையும் கோக்க வேண்டாம். வோடுன் வழிபாட்டை நடத்தும் 'வோடுன்னோ'வுக்குப் 'பூசாரி' கச்சிதமாகப் பொருந்தும். சூனியக்காரர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'வோடுன்சி'தான் சற்றுக் கடினம். நேர்ப்பொருள் 'வோடுனின் மனைவி'. தீட்சை பெற்றவர் ஆணானாலும் அதே பெயர்தான். பலர் இதைப் 'பக்தர்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 'தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்' என்று எழுதினால் நீளம்தான், ஆனால் அந்த உறவு அப்படியே வந்துவிடுகிறது.