வெயில் அடிக்கிறது, பேனல் இருக்கிறது, கரண்ட் ஏன் இல்லை?

மாடியில் சோலார் போட்டவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "சார், வெயில் நல்லா அடிக்குது. ஆனா இபி கரண்ட் போனதும் சோலாரும் நின்னுபோச்சே, பழுதா?"

பழுது இல்லை. மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் அமைப்பு அப்படித்தான் நிற்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் லைன் செத்ததும், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஓரிரு நொடிகளில் தானாக அணைந்துவிடும். அதை எப்படியாவது ஓட வைத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனை வற்புறுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

விற்கும்போதே இதைச் சொல்லாமல் விடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

பில் குறைய வேண்டுமா, கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டுமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். பில்தான் கவலை என்றால் ஆன்-கிரிட் போதும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். லைனோடு இணைக்காத அமைப்புக்கு இது கிடையாது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு அவசரமே இல்லை என்பேன்.

விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். லெட்-ஆசிட் வகையில் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அடிமட்டம் வரை இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும். அந்தப் பாதியில் 75 வாட் ஃபேன் ஒன்று எட்டு மணி நேரம், இரண்டு 20 வாட் எல்இடி விளக்குகள் நான்கு மணி நேரம் ஓடும். ஏசியெல்லாம் நினைக்கவே கூடாது.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஹைப்ரிட்: லைனும் பேட்டரியும் சேர்ந்தது. விலை கூடுதல்தான். வீடு முழுக்க இணைக்காமல் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி வயரிங் இழுத்தால் சின்ன பேட்டரியே போதும்.

அப்புறம், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆன்-கிரிட் என்றால் உடனே நிற்க வேண்டும். ஹைப்ரிட் என்றால் அந்தத் தனி வயரிங்கில் இருப்பவை தொடர்ந்து ஓட வேண்டும்.