பார்த்தேன் என்றார், ஊரிலேயே இல்லை

1844 ஆகஸ்ட் 8. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாவூ நகரில் மார்மன்கள் என்ற மதப்பிரிவினர் திரண்டிருந்தார்கள். அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த தலைவர் யார்? காலையில் சிட்னி ரிக்டன் பேசினார், அப்புறம் பிரிகாம் யங். யங் பேசும்போது ஜோசப்பின் குரலும் முகமும் அவரிடம் அப்படியே வந்துவிட்டதாகப் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர் ஆர்சன் ஹைட் என்ற அப்போஸ்தலர், அதாவது மார்மன் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவர். தன் மனைவியின் குரலைப் போலப் பழகிய குரல் அது என்று 1877-இல் பிரசங்கம் செய்தார். இதில் ஒரே சிக்கல், ஹைட் நாவூவுக்கு வந்து சேர்ந்ததே ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான்!

சரி, பொய்யா சொன்னார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு செய்தி மனதில் தங்கும் அளவுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது தங்குவதில்லை. பலமுறை கேட்ட கதைக்கு மனமே காட்சி அமைத்துக்கொள்ளும். நாளடைவில் கேட்டது பார்த்ததாகிவிடும். 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படி அறிந்தார்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வி. 44 பேரில் கால்வாசிப் பேருக்கு எல்லாமே தப்பு. தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியும் சிலர் இறங்கிவரவில்லை.

அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் தலைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. சொன்னவர் அங்கே இருந்தாரா, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார், அதற்குள் யார் யாரிடம் கதை கேட்டார் என்று துருவுகிறார்கள். ஒரே சபையில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதைக்கு நூறு பேர் சாட்சி சொன்னாலும், அவை நூறு தனிச் சாட்சிகள் ஆகிவிடாது.

வில்ஃபர்ட் உட்ரஃப் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அன்றைய பேச்சுகளை டைரியில் விரிவாக எழுதியவர், இந்த அதிசயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பிற்காலத்தில் அவரும் கண்ணால் கண்டதாகச் சொன்னார். எழுதாமல் விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதனால் இந்த மௌனத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குவேன். ஹைட் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

நெருப்பில்லாமல் புகையுமா என்பீர்கள். 1844 நவம்பரில் நாவூவிலிருந்து ஒரு தம்பதி எழுதிய கடிதம் இருக்கிறது. யங் தோற்றத்திலும் பேச்சிலும் ஜோசப்பை மாதிரியே இருக்கிறார் என்கிறது. ‘மாதிரி’ என்ற சொல் அப்போது இன்னும் உதிர்ந்திருக்கவில்லை.